எண்ணெய் விட்ட கமரா

"மாமா, அம்மாவின்ரை கையுறையைக் கழட்டச் சொல்லுங்கோ."

பந்தலுக்குள் ஆண்கள் இருக்கும் பக்கத்துக்கு வந்து நின்றுதான் தக்சாயினி இதைச் சொன்னாள். பிரேதப் பெட்டியை இறக்கிவிட்ட மலர்ச்சாலை வான் இன்னும் படலையை விட்டுப் போகவில்லை. பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தவர்கள் கையிலிருந்த பேப்பரை மடித்தார்கள். நடராசா மாமா மட்டும் கேட்காதவர் போல ஐயருக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

செத்தவீட்டில் பெண்கள் அதைத் தா, இதைச் செய் என்று வாய் திறக்கக்கூடாது என்பது அம்மா அவளுக்குப் போட்ட சட்டம். அப்பா இறந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்குப் பக்கத்தில் படுக்கவேண்டும் என்று அடம்பிடித்தவளின் வாயை அம்மா உள்ளங்கையால் பொத்தினாள். "கேக்கப்படாது. மாமாவிட்டை ஒண்டுமே கேக்கப்படாது. அவர் செய்யிறதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கவேணும்." அன்றைக்கு அந்தக் கையில் சவர்க்காரம்தான் மணத்தது. மீன் மணக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

"மாமா, உங்களைத்தான்."

மாமா போனை வைத்தார். பக்கத்திலிருந்த யாரையோ பார்த்து, "பிள்ளைக்கு மனம் சரியில்லை. உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

"என்ரை மனம் சரியாத்தான் இருக்கு. சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் வீட்டுச் சாவிலை கையுறை போடுறதைக் கண்டிருக்கிறன். எங்கடை ஆக்களுக்கு எப்பவிருந்து?"

"மலர்ச்சாலைக்காரர் போட்டவை. அது அவையின்ரை முறை."

"நான் அவையைக் கேட்டிட்டன். நீங்கள் போடச் சொன்னதாம்."

வானின் கண்ணாடியை ஏற்றும் சத்தம் கேட்டது. சாரதிக்கு இந்த வழக்கில் சாட்சி சொல்ல விருப்பமில்லை.

மாமா எழுந்தார். மயிலிட்டித் துறைமுகத்தில் இரண்டு படகு வைத்திருக்கும் சம்மாட்டி அவர். எழுந்தால் மற்றவர்கள் கொஞ்சம் விலகி வழி விடுவார்கள். அவளைக் குசினிச் சுவரோடு கூட்டிக்கொண்டுபோய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

"பருத்தித்துறை ஆக்கள் வருகினம். தெரியுமோ?"

"தெரியும்."

"உனக்குப் பேசின பெடியன்ரை தாயும் வாறா. கொம்மா சந்தையிலை மீனோடை இருந்ததெண்டு அவையளுக்குத் தெரியாது. கப்பல்காரன்ரை பெண்சாதி, வீட்டோடை இருந்த மனிசி எண்டுதான் சொல்லிக் கிடக்கு. அந்தக் கையைக் கண்டால் ஆருக்கும் விளங்கும்."

"விளங்கட்டுமன்."

"உனக்காகத்தானே பிள்ளை செய்யிறன். என்ரை கூடப்பிறந்தவள் தராசோடை நிலத்திலை குந்தியிருந்தது எனக்கு எவ்வளவு வெக்கம் எண்டு உனக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் நான் பொறுத்தனான்."

"நீங்கள் பொறுத்தனீங்கள். அவ வெட்டினவ."

மாமா பந்தலைத் திரும்பிப் பார்த்தார். "பெட்டியிலை வைச்ச உடம்பிலை கை வைக்கப்படாது. படிச்சனி எண்டாப்போலை எல்லாத்துக்கும் கதைக்கலாமெண்டு நினையாதை" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினார். ஐயருக்கு விட்ட இடத்திலிருந்து போன் எடுத்தார்.

படலையில் கட்டியிருந்த பனரைக் காலையிலேயே அவள் பார்த்திருந்தாள். 'கண்ணீர் அஞ்சலி. அமரர் இரத்தினம்மா.' அம்மாவின் முகம் அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. மயில்நீலப் பட்டுச்சீலை, அட்டியல், கதிரைக் கைப்பிடியில் வளையல்களோடு கிடந்த வெள்ளை வெளேரென்ற இரண்டு கைகள். அம்மாவின் கறுத்த முகம் அந்தக் கழுத்தில் வாடகைக்கு ஏறியிருந்ததுபோல இருந்தது.

பனரை அடித்தவன் ஜெயரூபன். இப்போது வீட்டு மண்டபத்துக்குள் மூன்று கால் தாங்கியில் வீடியோக் கமராவைப் பூட்டி வெளிநாட்டுக்காரருக்கு நேரலை போட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் போனாள்.

"உந்தக் கை ஆரின்ரை?"

"எந்தக் கை அக்கா?"

"பனரிலை கிடக்கிற கை."

அவன் தலையைச் சொறிந்தான். "தெரியாதக்கா. கொம்பியூட்டரிலை கிடக்கிற உடம்பு. தலையை மட்டும் கொண்டுவந்து தந்தால் மிச்சத்துக்கு நான் என்ன செய்யிறது? எங்கடை கடையிலை அம்மாமார் எல்லாருக்கும் உந்த நீலச்சீலைதான் போடுறது." பிறகு சத்தத்தைத் தணித்து, "உண்மையைச் சொன்னால் அந்த உடம்பு இந்த வருசம் எத்தினையோ தரம் செத்திட்டுது" என்றான்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அம்மாவும் சிரித்திருப்பாள், அவளைவிடச் சத்தமாக.

பெட்டிக்குள் அம்மா உண்மையாகவே பட்டுச்சீலை உடுத்துக் கிடந்தாள். வயிற்றின் மேல் இரண்டு வெள்ளைக் கையுறைகள், பெருவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியபடி. பாடசாலை வாத்தியக்குழுப் பிள்ளைகளின் கை மாதிரி இருந்தது.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மேசையில் கமரா இருந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்ரிக் டாங்கி. அதற்குள் அம்மா இருந்தாள்.

---

கமரா அப்பாவுடையது. கப்பலில் ஓடிய காலத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. தோல் உறை, சின்ன லென்ஸ், கையில் எடுத்தால் ஒரு வளர்ந்த விளைமீனின் பாரம். இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு முகாமுக்கும் அம்மா அதைச் சீலைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். யாரும் அதில் படம் எடுக்கவில்லை. பிலிம் வாங்கவோ, கழுவவோ, சிரிக்கவோ அந்த வருடங்களில் யாருக்கும் வழி இருக்கவில்லை. மயிலிட்டியில் இராணுவம் காணியை விட்டு, வீடு கட்டி, தக்சாயினி இரசாயனவியலில் பட்டம் எடுத்து, வேலை இல்லாமல் பக்கத்துப் பாடசாலை ஆய்வுகூடத்தில் தொண்டராசிரியையாக நின்ற இந்த வருடத்தில்தான் அவள் அதைக் கழற்றினாள். கம்பஸ் சிநேகிதி ஒருத்தி கொழும்பிலிருந்து வந்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் பிலிம் சுருளும், பிலிம் கழுவும் பழைய டாங்கி ஒன்றும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஷட்டர் அசையவில்லை. லென்ஸுக்கு முன்னால் இருந்த வளையத்தைச் சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிப் பிடித்துத் திருகிக் கழற்றினாள். உள்ளே பூவிதழ் மாதிரி மெல்லிய தகடுகள். அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. விரலை வைத்து முகர்ந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய்.

"அம்மா! ஆர் இதுக்கை எண்ணெய் விட்டது?"

மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா கிணற்றடியிலிருந்தே பதில் சொன்னாள். "நான்தான். வருசத்துக்கு வருசம் விடுறனான்."

"ஏன்?"

"உப்புக்காத்தெல்லே. இரும்பெண்டால் எண்ணெய் விடவேணும். பூட்டுக்கு விடுறன், கத்திக்கு விடுறன், கொப்பரின்ரை கமராவுக்கு மட்டும் விடாமல் விடுறதே?"

"உது இரும்பில்லை அம்மா. உது எண்ணெய் படவே படாத சாமான். நீங்கள் கவனம் பாத்துப் பாத்தே அதைக் கொண்டு போட்டியள்."

"துருப் பிடிச்சுதோ?"

"இல்லை."

"பிறகென்ன?" என்றாள் அம்மா.

உண்மையாகவே ஒரு பொட்டுத் துருகூட இல்லை. லைற்றருக்கு விடும் பெற்றோலைப் பஞ்சில் தோய்த்துத் தோய்த்து, அம்மாவின் எண்ணெயை வருடம் வருடமாகத் துடைத்தெடுத்தாள். துடைத்து, காயவிட்டு, அழுத்திப் பார்ப்பாள். ஒட்டும். திரும்பவும் துடைப்பாள். கடைசியில் ஒரு பின்னேரம் கமராவின் பின்கதவைத் திறந்து வானத்துக்குப் பிடித்து அழுத்தியபோது, இதழ்கள் விரிந்து ஒரு வெளிச்சப் பொட்டுக் காட்டி மூடின. கிளிக். இன்னும் ஒருதரம். வேகத்தைக் குறைத்து அழுத்தினாள். உள்ளே பற்சக்கரம் முனகி மெதுவாக மூடியது. ஒளி கசியாமல் கமராக் கதவின் விளிம்பில் கறுப்பு நூல் ஒட்டினாள். இருட்டறையில் கமராவுக்குள் சின்ன ரோர்ச்சை வைத்து மூடி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீற்றும் வெளியே வரவில்லை.

இனிப் படம் எடுத்துத்தான் பார்க்கவேண்டும். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு படம். அசையாமல் இருக்க ஓர் ஆள் தேவை. அம்மா சந்தையிலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் முற்றத்தில் நின்றாள்.

"சீலை மாத்தவேணுமோ?"

"வேண்டாம். உது படமில்லை, ரெஸ்ற் பண்ணிப் பாக்கிறன்."

"நல்லது, ஒரு வேலை மிச்சம்." கதிரையில் இருந்தாள். கையை மடியில் வைத்தாள். எடுத்து முழங்காலில் வைத்தாள். பிறகு சீலைத் தலைப்புக்குள் ஒளித்தாள். "கையை என்னடி செய்யிறது?"

"சும்மா வையுங்கோ."

"சும்மா கிடந்தால் செத்த ஆளின்ரை மாதிரிக் கிடக்கும்." எழும்பிப்போய் விற்காமல் மிஞ்சின மீன் கிடந்த சட்டியையும் கத்தியையும் எடுத்து வந்தாள். கதிரையைக் காலால் தள்ளிவிட்டு நிலத்தில் குந்தினாள். "இப்ப எடு. சிரிக்கவோ?"

"வேண்டாம்."

"அப்ப முறைக்கிறன்."

ஓரா மீன். முதுகு முழுக்க விஷமுள். ஒருதரம் குத்தினால் பெரிய ஆம்பிளையும் அழுவான். அம்மா முள்ளைத் தடவிப் பிடித்து ஒரே வெட்டில் எடுத்தாள். தக்சாயினி வேகத்தைச் சொல்லிச் சொல்லி அழுத்தினாள். அம்மா ஒருதரமும் நிமிரவில்லை. முறைக்கவும் இல்லை. வேலையில் இறங்கியதும் கமராவை மறந்துபோனாள்.

"வடிவா வந்தால் கொண்ணைக்கு ஒண்டு அனுப்பு" என்றாள் முடிவில். "போனிலை அவன் என்ரை நெத்தியைத்தான் பாக்கிறான்."

உண்மைதான். பாரிஸிலிருந்து அண்ணன் கஜானன் போன் எடுக்கும்போதெல்லாம் அம்மா போனைக் காதில் வைப்பதுபோல முகத்துக்கு மேலே பிடிப்பாள். விசா வழக்கு முடியாமல் அங்கேயே கிடக்கும் அவன், வருடக்கணக்காக அம்மாவின் நெற்றியோடும் கூரைத் தகரத்தோடும்தான் கதைத்துக்கொண்டிருந்தான்.

பிலிமைக் கழுவ மருந்து இல்லை. கோப்பித்தூள், சலவைச் சோடா, விற்றமின் சி குளிசை மூன்றையும் கலந்தால் பிலிம் கழுவலாம் என்று அவள் படித்திருந்தாள். படத்தை நிறுத்தி வைக்க ஹைப்போ வேண்டும். ஆய்வுகூடத்தில் கேட்டுக் கேட்டு ஒரு போத்தல் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அன்று இரவே பிலிமை இருட்டில் டாங்கிக்குள் சுற்றி மூடினாள். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகக் கழுவலாம் என்று நினைத்தாள். சனிக்கிழமை விடிய, சந்தைக்குப் போகச் செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற அம்மா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவுநிலையில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

---

ஐயர் வரச் சுணங்கும் என்று பந்தலில் கதைத்தார்கள். அவள் கோப்பிப் பேணியையும் சோடாவையும் குளிசையையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். தண்ணீர்த் தாங்கியில் கையை வைத்தாள். வெந்நீர் மாதிரி இருந்தது. இந்தச் சூட்டில் கழுவினால் பிலிம் கறுத்துப்போகும். ஐஸ் வேண்டும்.

பின்கதவுக்குப் பக்கத்தில் அம்மாவின் வெள்ளை றெஜிபோம் ஐஸ்பெட்டி மூடியபடி இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் துறைமுகத்தில் ஐஸ் வாங்கி நிரப்பி, சனிக்கிழமைச் சந்தைக்கு ஆயத்தமாக வைத்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. தக்சாயினி மூடியைத் தூக்கினாள். அரைவாசி தண்ணீர். அதில் தேய்ந்துபோன ஐஸ்கட்டிகள் சில, ஓரம் வளைந்து கூழாங்கல் மாதிரி மிதந்தன.

"அதை ஊத்தப்போறியோ?"

மேர்சி அன்ரி. குருநகர்க்காரி. சந்தையில் அம்மாவுக்குப் பக்கத்துத் தட்டு. முதல் பஸ்ஸில் வந்து, யாரும் வாங்கோ என்று சொல்லாததால் பின்வளவில் கவிழ்த்து வைத்த வாளியில் குந்தியிருந்தாள்.

"ஊத்தேல்லை அன்ரி. எனக்கு வேணும்."

"உள்ளை பாத்தனி? கொம்மாவின்ரை கையிலை என்ன கோலம் அது?" மேர்சி அன்ரி தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "மழைக்காலத்திலை புண் ஆறாது, றப்பர் கையுறை போடடி எண்டு நான் நாயா மாரடிச்சன். வாங்கியும் குடுத்தன். போடமாட்டாள். முள்ளு எங்கை கிடக்கெண்டு விரல் அறியவேணுமாம். உயிரோடை போடாதவளுக்குச் செத்த பிறகு போட்டு விட்டிருக்கினம்."

தக்சாயினி ஐஸ்கட்டிகளைக் கோப்பைக்குள் அள்ளினாள். "கொஞ்சநேரம் இந்தக் கதவடியிலை நிக்கிறியளே? ஒருத்தரையும் விடாதையுங்கோ."

"என்ன செய்யப்போறாய்?"

"அம்மாவின்ரை கையை எடுக்கப்போறன்."

மேர்சி அன்ரி எழும்பினாள். வாளியைத் தூக்கிவந்து குளியலறைக் கதவுக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தினாள். அந்த இருக்கையைத் தாண்டி ஒருவரும் வரமுடியாது. சந்தையில் அவளின் இடத்தைப் பிடிக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கோப்பியும் சோடாவும் கலந்து எழும்பிய மணம் அழுகின வைக்கோல் மாதிரி இருந்தது. ஐஸ்தண்ணீர்ச் சட்டிக்குள் கோப்பையை வைத்துக் குளிர்த்தி, டாங்கிக்குள் ஊற்றி மூடி, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள். கவிழ்த்து நிமிர்த்தினாள். வெளியே ஒப்பாரி ஒன்று ஏறி இறங்கியது.

மாமியின் குரல் கிட்ட வந்தது. "செத்தவீட்டிலை ஆர் அடுப்பு மூட்டிக் கோப்பி போடுறது? ஊருக்கு மணக்குது."

"ஒருத்தரும் மூட்டேல்லை" என்றாள் மேர்சி அன்ரி.

"அப்ப உள்ளுக்கை ஆர்?"

"பிள்ளைக்கு வயித்தோட்டம்."

"கோப்பி மணக்குது எண்டு சொல்லுறன்."

"வயித்தோட்டத்துக்குக் கோப்பித்தூள் நல்லது. உங்களுக்குத் தெரியாதே? வேணுமெண்டால் நீங்களும் வந்து மணந்து பாருங்கோ."

மாமியின் காலடிச் சத்தம் திரும்பிப் போனது.

மருந்தை ஊற்றிவிட்டுக் கழுவி, ஹைப்போவை விட்டாள். அது வேலை முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள். படம் வராமலும் போகலாம். சோடா கூடியிருக்கலாம். எண்ணெய் எங்கேயாவது மிஞ்சியிருக்கலாம். இரசாயனவியலில் பட்டம் எடுத்தவள் குளியலறையில் கோப்பி கலக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று மாமா சொல்லிச் சிரிக்கலாம். வராவிட்டாலும் அந்தக் கையுறைக்குச் செய்யவேண்டியதைச் செய்வேன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. படம் மற்றவர்களுக்கு.

மூடியைத் திறந்தாள். சுருளை இழுத்துக் கம்பி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

வந்திருந்தது. எல்லா வேகமும் வந்திருந்தது. மெதுவான வேகங்களில் முகம் நிற்க, கைகள் மட்டும் புகை மாதிரிக் கலைந்திருந்தன. வேகம் கூடக் கூடப் புகை ஒடுங்கி விரலாகியது. கடைசிப் படத்தில் எல்லாம் நின்றது. கத்தி, முள், ஆட்காட்டி விரலில் துணி சுற்றிய பழைய வெட்டு, அந்தரத்தில் ஒரு மீன்செதில்.

"வந்திட்டுதோ?" என்றாள் கதவுக்கு வெளியிலிருந்து மேர்சி அன்ரி.

"வந்திட்டுது."

"தெரியும். சந்தைக்கு ஒருநாளும் பிந்தாதவள்."

---

ஜெயரூபனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அவன் ஈரப் பிலிமைத் தன் ரப்லட்டின் வெள்ளைத் திரைக்கு மேலே பிடித்து, மற்றக் கையிலிருந்த போனில் படம் எடுத்தான். கறுப்பை வெள்ளையாக்கவும் வெள்ளையைக் கறுப்பாக்கவும் அவனுக்கு ஒரு தட்டுப் போதும். தட்டினான். பிறகு போனை அவளிடம் நீட்டினான்.

அவள் அதைக் கஜானனுக்கு அனுப்பிவிட்டு அழைப்பு எடுத்தாள். அங்கே விடியவில்லை. நேரலைக்கு முன்னால் இரவு முழுக்கக் குந்தியிருந்த முகம் திரையில் வந்தது. அவன் படத்தைத் திறந்து பார்ப்பது தெரிந்தது. கண்கள் ஓரிடத்தில் நின்றன. அவனுக்குப் பின்னால் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள்.

"உது ஓராவே?" என்றான்.

"ஓம் அண்ணை."

"முள்ளு வெட்டேக்கையே எடுத்தது?"

"ஓம்."

அவன் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தான்.

"மாமா என்ன சொல்லுறார்?"

"மாமாவைக் கேட்டு இதை அனுப்பேல்லை. உங்களையும் கேக்கேல்லை. அம்மா அனுப்பச் சொன்னவ, அனுப்பினனான்." பிறகு சொன்னாள்: "நேரலையை விட்டிட்டு எழும்பிப் போகாதையுங்கோ."

ஐயர் வந்தார். கிரியை தொடங்கியது. கஜானனுக்குப் பதிலாகக் கொள்ளி வைக்கப்போகும் மாமாவின் மகன் பிரகலாதன், ஈர வேட்டியோடு குந்தியிருந்து சொன்னதையெல்லாம் செய்தான். பருத்தித்துறை ஆக்கள் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். பெடியனின் தாய் மெல்லிய மனிசி, கைலேஞ்சித் துணியை மடித்து மடித்து வைத்திருந்தாள். மாமா அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

வாய்க்கரிசிக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். மகள் முதலில்.

தக்சாயினி அரிசியைக் கையில் எடுக்கவில்லை. பெட்டியின் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, பெருவிரல்களைக் கட்டியிருந்த துணியின் முடிச்சைப் பிடித்தாள். இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். மண்டபம் முழுக்க ஒப்பாரி அறுந்தது.

"தக்சாயினி!" என்றார் மாமா.

அவள் நிமிரவில்லை. இடது கையுறையை நுனியில் பிடித்து ஒவ்வொரு விரலாக இளக்கினாள். மீன்தோல் உரிப்பதுபோல அது முழுதாகக் கழன்று வந்தது. பிறகு வலது. உள்ளே அம்மாவின் கைகள் இருந்தன. குளிர்ந்து, விறைத்து, நகக்கண்களில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறுப்போடு. ஆட்காட்டி விரலில் சுற்றியிருந்த துணியை மலர்ச்சாலைக்காரர் எடுத்துவிட்டிருந்தார்கள். வெட்டு வாய் திறந்து வெள்ளையாக இருந்தது.

"பாக்கிற ஆக்கள் பாருங்கோ" என்றாள் தக்சாயினி. "சந்தையிலை மீன் வெட்டின கை."

மாமா இரண்டு அடி முன்னால் வந்தார். அதற்குள் ஜெயரூபன், யாரும் சொல்லாமலே, தாங்கியிலிருந்து கமராவைக் கழற்றிக்கொண்டு கிட்ட வந்து கைகளுக்கு நேரே குனிந்துவிட்டான். மாமா நின்றார். பாரிஸும் கனடாவும் பருத்தித்துறையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் மருமகளின் கையைப் பிடித்து இழுக்கமுடியாது. பெடியனின் தாய் எழும்பிப் போகவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை. மடித்த கைலேஞ்சியை விரித்து, திரும்பவும் மடித்தாள்.

"எல்லாத்தையும் முடிச்சிட்டாய்" என்றார் மாமா, பல்லுக்குள்.

"இல்லை மாமா. இன்னும் வாய்க்கரிசி போடேல்லை."

பெருவிரல்களைச் சேர்த்து அதே துணியால் அவளே கட்டினாள், முன்னையதைவிட இளக்கமாக. பிறகு அரிசியை எடுத்தாள்.

அவளுக்குப் பிறகு மாமி போட்டாள். அயலார் போட்டார்கள். கடைசியில் யாரும் கூப்பிடாமல் மேர்சி அன்ரி வந்தாள். அரிசி போடவில்லை. அம்மாவின் ஆட்காட்டி விரலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். அந்தச் சந்தடிக்குள் தக்சாயினி அறைக்குப் போய்க் கமராவின் பட்டியைக் கழுத்தில் மாட்டினாள். பின்கதவடியில் தன் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது மேர்சி அன்ரி அவளின் கால்களைப் பார்த்தாள். செத்தவீட்டுப் பெண்கள் எல்லோரும் வெறுங்காலோடுதான் நின்றார்கள். படலை வரைக்கும் போவதற்குச் செருப்பு எதற்கு?

"றோட்டுச் சுடும்" என்றாள் தக்சாயினி.

மேர்சி அன்ரி தலையாட்டினாள்.

மூடியைப் போட்டார்கள். பறை அதிரத் தொடங்கியது. பிரகலாதன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். பெட்டி படலையைத் தாண்டியதும் பெண்கள் வழக்கமான இடத்தில் நின்று, ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து கதறினார்கள். தலைக்கு மேலே பனரின் ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்திருந்தது. யார் அவிழ்த்ததென்று தெரியவில்லை. கடற்காற்றில் அது இரண்டாக மடிந்து விழுந்து, நீலச்சீலையும் வளையல் கைகளும் உள்ளே போய்விட்டன. முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

தக்சாயினி பெண்களுக்கு நடுவால் நடந்தாள்.

"பிள்ளை, படலையோடை நில்" என்றார் மாமா, றோட்டில் நின்று.

அவள் அவரைக் கடந்து போனாள். தார் சுட்டது, செருப்பையும் தாண்டி. முன்னால் பெட்டியின் பின்பக்கம் தோள்களில் ஏறி இறங்கிக்கொண்டு போனது. அவள் நடந்தபடியே கமராவைக் கண்ணில் வைத்து அழுத்தினாள்.

பின்னால் வந்த ஜெயரூபன் எட்டி நடந்து பக்கத்தில் வந்தான். "பிலிம் கிடக்கோ அக்கா?"

"இல்லை."

"அப்ப?"

"ஒட்டாமல் வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்."

கமராவின் நெம்புகோலை இழுத்தாள். திரும்பவும் அழுத்தினாள். கிளிக்.